மலட்டுத் தாயின் அரிசி: கலப்பின நெல்லின் கதை



கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது கடைசி வரை வாசியுங்கள்.

சில நாட்களாக நம்முடைய வட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது. கலப்பின நெல், அதாவது ஹைபிரிட் நெல், மலட்டு நெல்லிலிருந்து உண்டாக்கப்படுவதாம். அந்த அரிசியைத் தின்றால் ஆண்களுக்குப் பிள்ளைப் பாக்கியம் இல்லாமற் போகுமாம். புத்தகத்திலேயே "ஆண் மலடு" என்றுதான் எழுதியிருக்கிறது என்று அந்தக் குரல் அடித்துச் சொல்கிறது. ஜும்ஆ முடிந்து பள்ளி முற்றத்தில் நிற்கும்போது, "சேர், இது மெய்யா?" என்று கேட்டவர்களும் உண்டு. கேட்காமலேயே பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டவர்கள் அதைவிடக் கூட.

சாப்பாட்டில் மலட்டு மருந்து என்ற கதை நமக்குப் புதிதல்ல. 2018 பெப்ரவரி கடைசியில் அம்பாறை நகரில் முஸ்லிம் சாப்பாட்டுக்கடையொன்றில் உணவுக்குள் மலட்டு மாத்திரை கலந்திருப்பதாகக் கதை கட்டினார்கள். அன்றிரவே கடை அடித்து நொறுக்கப்பட்டது, பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களம் பரிசோதித்துப் பார்த்தது. அது வெறும் மாவுக் கட்டி. உண்மை வெளியே வந்தபோது உடைந்தது உடைந்ததுதான்.

அந்தப் பொய்யால் அடிபட்டவர்கள் நாம். அதே வகைக் கதையை, ஆளையும் பொருளையும் மாற்றி, நாமே கைமாற்றலாமா? கேள்விப்படும் செய்தியைத் தீர விசாரித்துக்கொள்ளும்படி சூரா அல்-ஹுஜுராத்தின் ஆறாவது வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. விசாரிப்போம் என்றுதான் இந்தப் பதிவு.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் குரல்பதிவுக்குள் ஒரு துளி உண்மை இருக்கிறது. கலப்பின நெல்லை உண்டாக்க ஆண் மலட்டு நெல் பாவிக்கப்படுகிறது. கலப்பின அரிசியின் தரத்தில் குறை இருந்ததும் உண்மை. ஆனால் அந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தொடர்பு அந்தக் குரல் சொல்கிற மாதிரியானதல்ல. அது என்னவென்று விளங்க, அறுபது வருடம் பின்னால் சீனாவுக்குப் போக வேண்டும். போவதற்கு முன் நம் ஊர்ச் சொல் ஒன்றைச் சரிப்படுத்திக்கொள்வோம்.

*எச் 4 கலப்பின நெல்லா?*

நம் மூத்தவர்களுக்கு எச் 4 நெல் நினைவிருக்கும். 1950களின் கடைசியில் பத்தலகொடை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த சிவப்பரிசி. முருங்கக்காயன் என்ற நம் நாட்டு நெல்லையும் மாஸ் என்ற இந்தோனேசிய நெல்லையும் கலந்து எடுத்தது. பெயரிலுள்ள எச் என்ற எழுத்து கலப்பைத்தான் குறிக்கிறது. ஆனால் கலந்த பிறகு பல தலைமுறைகள் தெரிந்தெடுத்து, குணம் மாறாதபடி நிலைப்படுத்திய பின்தான் அது வயலுக்கு வந்தது. அறுவடையில் ஒரு மூட்டையை விதைநெல்லாக எடுத்து வைத்து, அடுத்த போகம் விதைத்தால் அதே நெல்தான் வரும். இன்று நாம் பெரும்போகத்திலும் சிறுபோகத்திலும் விதைக்கும் பிஜி, ஏ.ரி. வகைகளும் பெரும்பாலும் அந்தக் குடும்பம்தான்.

கலப்பின நெல் என்று உலகம் சொல்வது வேறு. இரண்டு வேறுபட்ட நெல்லைக் கலந்தால் வரும் முதல் தலைமுறை, தாயையும் தகப்பனையும் விட வாட்டசாட்டமாக வளரும். இதைக் கலப்பு வீரியம் என்பார்கள். அந்த முதல் தலைமுறையையே வயலில் விதைத்து அறுப்பதுதான் கலப்பின நெற்செய்கை. அதன் நெல்லை எடுத்து மறுபடி விதைத்தால் ஒன்று உயரம், ஒன்று கட்டை, ஒன்று முந்திப் பூக்கும், ஒன்று பிந்திப் பூக்கும். ஆகவே ஒவ்வொரு போகமும் புதிதாக விதை வாங்க வேண்டும்.

*ஒரு வாத்தியாரின் தேடல்*

யுவான் லோங்பிங் 1930இல் பிறந்தவர். விவசாயக் கல்லூரியில் படித்து முடித்து, 1953இல் ஹுனான் மாகாணத்தில் அன்ஜியாங் என்ற சிற்றூரின் விவசாயப் பாடசாலைக்கு ஆசிரியராகப் போனார். பேர்போன ஆய்வுகூடம் எதுவும் அங்கே இல்லை. வகுப்பறையும் பாடசாலை வயலும்தான் இருந்தன. 1959 முதல் 1961 வரை சீனாவைப் பிடித்த பெரும் பஞ்சத்தை அவர் கண்ணால் கண்டார். பசியால் செத்தவர்களை வழியில் பார்த்ததாகப் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். நெல்லை எப்படியாவது கூட விளைவிக்க வேண்டும் என்ற வெறி அங்கிருந்துதான் அவருக்கு வந்தது.

1960களின் தொடக்கத்தில் பாடசாலை வயலில் ஒரு செடி மட்டும் தனித்து நின்றது. கதிர் நீளம், மணிகள் நிறைய. விதையை எடுத்து அடுத்த வருடம் நட்டார். வந்த செடிகள் ஒன்றுபோல் ஒன்று இல்லை. வேறு யாராக இருந்தாலும் சலித்துப்போய் விட்டிருப்பார்கள். அவருக்கு மெண்டலின் பாடம் நினைவுக்கு வந்தது. பிள்ளைகள் இப்படிச் சிதறுகின்றன என்றால் தாய்ச்செடி இயற்கையாகவே கலந்து பிறந்த முதல் தலைமுறை. அப்படியென்றால் நெல்லிலும் கலப்பு வீரியம் இருக்கிறது.

சோளத்தில் அமெரிக்கர்கள் இதை முன்பே செய்திருந்தார்கள். சோளத்தின் ஆண் பூ உச்சியில், பெண் பூ தண்டில். உச்சியை முறித்துவிட்டால் போதும், அந்தச் செடி தாயாகிவிடும். நெல் அப்படியல்ல. ஒரே பூவுக்குள் ஆறு கேசரங்களும் சூலகமும் சேர்ந்திருக்கின்றன. காலை வெயில் ஏறும் நேரம் பூ திறந்து ஒரு மணித்தியாலம் போல இருந்து மூடிவிடும். அதற்குள் தன் மகரந்தத்தாலேயே தான் கருக்கட்டிக்கொள்ளும். ஒரு பூவின் கேசரங்களை ஊசியால் அகற்றி வேறு மகரந்தம் இட்டால் கிடைப்பது ஒரேயொரு நெல்மணி. இப்படி எத்தனை ஏக்கருக்கு விதை எடுக்க முடியும்?

வழி ஒன்றுதான். மகரந்தம் உண்டாகாத நெற்செடி ஒன்று வேண்டும். தானாகக் கருக்கட்ட முடியாததால் பக்கத்துச் செடியின் மகரந்தத்தை அது ஏற்றுத்தான் ஆக வேண்டும். புத்தகத்தில் "ஆண் மலடு" என்று எழுதியிருப்பது இதைத்தான். அந்தச் செடியின் சூலகத்தில் குறையில்லை. அது தாயாகும். தகப்பனாகத்தான் முடியாது.

1964இலும் 1965இலும் யுவானும் அவர் மனைவியும் பூக்கும் காலத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு வயலில் இறங்கினார்கள். ஏறத்தாழ 14,000 கதிர்களைப் பார்த்து 6 ஆண் மலட்டுச் செடிகளைக் கண்டுபிடித்தார்கள். 1966இல் அவருடைய கட்டுரை சீன விஞ்ஞான இதழொன்றில் வந்தது. அதே வருடம் கலாசாரப் புரட்சி தொடங்கியது. 1968 மே மாதம் ஓர் இரவில் யாரோ அவருடைய பரிசோதனை நாற்றுகளையெல்லாம் பிடுங்கி எறிந்தார்கள். தேடித் தேடி, ஒரு கிணற்றுக்குள் கிடந்த சில நாற்றுகளை மட்டும் மீட்டார். அவற்றை வைத்துத்தான் வேலை தொடர்ந்தது.

*குட்டையோரத்துக் காட்டு நெல்*

ஆனால் அந்த 6 செடிகளாலும் காரியம் ஆகவில்லை. ஆயிரக்கணக்கான கலப்புகள் செய்தும், பிள்ளைகளெல்லாம் முழுமையாக மலடாகப் பிறக்கும் ஒரு வம்சம் கிடைக்கவில்லை. பயிர்நெல்லை விட்டுத் தூரத்து உறவான காட்டு நெல்லில் தேடலாம் என்று யுவான் முடிவெடுத்தார். 1970 நவம்பர் 23ஆம் திகதி, சீனாவின் தென்கோடித் தீவான ஹைனானில், அவருடைய மாணவர் லி பிஹுவும் பண்ணை உத்தியோகத்தர் ஒருவரும் குட்டையோரத்தில் ஒரு காட்டு நெற்செடியைக் கண்டார்கள். அதன் மகரந்தக்கூடுகள் ஒல்லியாக, வெளிறிப்போய், வெடிக்காமல் இருந்தன. அந்தச் செடிக்குக் கருகிய காட்டு நெல் என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். இன்று உலகின் கலப்பின நெல்லில் பெரும் பகுதி அந்த ஒற்றைச் செடியின் தாய்வழி வம்சம்.

தாய்வழி என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இது இலகுவாக விளங்கும். கலத்தின் கருவுக்குள் இருக்கும் பரம்பரையலகுகள் தாயிடமிருந்து பாதி, தகப்பனிடமிருந்து பாதி வரும். ஆனால் குழியவுருவும் அதற்குள் இருக்கும் இழைமணியும் தாயிடமிருந்து மட்டும்தான். இந்தக் காட்டு நெல்லின் மலட்டுத்தன்மை இழைமணிக்குள் இருந்தது. ஆகவேதான் அதைக் குழியவுருவுக்குரிய ஆண் மலட்டுத்தன்மை என்கிறோம். 2013இல்தான் சீன விஞ்ஞானிகள் அதற்குப் பொறுப்பான இழைமணி அலகைப் பிரித்துக் காட்டினார்கள். மகரந்தக்கூட்டுக்குள் வளரும் மகரந்தத்துக்குச் சாப்பாடு ஊட்டும் ஒரு கலப்படை உண்டு. அந்த அலகு உண்டாக்கும் புரதம் அந்தப் படையை நேரத்தோடு சாகடித்துவிடுகிறது. ஊட்டுவதற்கு ஆளில்லாமல் மகரந்தம் கருகுகிறது. இவ்வளவுதான் அந்த "மலடு".

இதைப் பயன்படுத்த மூன்று நெல் வேண்டும். ஒன்று, மலட்டுத் தாய். இரண்டு, அந்தத் தாயைப் போலவே கருவும் நல்ல குழியவுருவும் உள்ள ஒரு நெல். இதன் மகரந்தத்தால் மலட்டுத் தாய் வருடா வருடம் மலடாகவே பெருகும். ஆகவே இதைப் பேணும் நெல் என்போம். மூன்று, மீட்கும் நெல். மலட்டுத்தன்மையை அடக்கும் அலகு இதன் கருவில் இருக்கும். மலட்டுத் தாயை இதனோடு கலந்தால் வரும் பிள்ளை மலடல்ல. அது தானாகப் பூத்து, தானாக மகரந்தம் தந்து, கதிர் நிறைய மணி பிடிக்கும். விவசாயி விதைப்பது அந்தப் பிள்ளையை. நாம் சோறாக்குவது அதன் மணியை.

1973இல் மூன்றும் கைகூடின. மீட்கும் நெல்லாக உதவியது பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஐஆர் 24 போன்ற வகைகள். 1976இல் சுமார் 140,000 ஹெக்டேயரில் கலப்பின நெல் விதைக்கப்பட்டது. சாதாரண வகைகளை விட ஏறத்தாழ 20 வீதம் கூடுதல் விளைச்சல். 1990களின் தொடக்கத்தில் சீனாவின் நெல்வயல்களில் அரைவாசிக்கு மேல் கலப்பின நெல்தான். பஞ்சம் கண்ட நாட்டில், ஒரு சிற்றூர்ப் பாடசாலை வாத்தியார் தொடங்கிவைத்த வேலை கோடிக்கணக்கான சோற்றுக் கோப்பைகளை நிறைத்தது. 2004இல் அவருக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது. 2021இல் காலமானார்.

*வயிறு நிறைந்தது, வாய் முறைப்பட்டது*

இனி அரிசியின் தரத்துக்கு வருவோம்.

அந்தக் காலத்தின் மிகப் பெயர்பெற்ற கலப்பினம் ஷான்யோ 63. ஃபூஜியன் மாகாணத்தில் ஸியே ஹுவாஆன் என்பவர் உருவாக்கியது. 1986 முதல் 2001 வரை சீனாவில் மிகக் கூடிய நிலத்தில் விளைந்த கலப்பின நெல் அதுதான். மொத்தமாகக் கூட்டினால் 6 கோடி ஹெக்டேயருக்கு மேல். அதன் மலட்டுத் தாய் ஜென்ஷான் 97. தகப்பன் மிங்ஹுய் 63.

ஜென்ஷான் 97ஐத் தாயாக்கியது அதன் சோற்று ருசிக்காக அல்ல. அது காட்டு நெல்லின் குழியவுருவோடு சேர்ந்து உறுதியாக மலடாக நின்றது, விதை உற்பத்திக்கு வசதியாக இருந்தது. ஆனால் அதன் அரிசி குட்டை, வயிற்றில் வெள்ளைப் படலம், அமைலோசு கூட. வெள்ளைப் படலம் உள்ள அரிசியை நம் மில்காரர்களுக்குத் தெரியும். அந்த இடத்தில் மாப்பொருள் நெருங்கி அடையாமல் சுண்ணாம்பு போல் இருக்கும், மில்லில் போட்டால் அங்கேதான் உடையும், குறுநொய் கூடும். அமைலோசு கூடினால் சோறு உதிரியாக வரும், ஆறினால் விறைக்கும்.

உதிரிச் சோறு நமக்குக் குறையல்ல. நம் நாட்டு வகைகள் பெரும்பாலும் அமைலோசு கூடியவைதான், நாம் அதையே தேடி வாங்குகிறோம். சீனர்களுக்கு மெதுவான, ஒட்டும் சோறு வேண்டும். அரிசியின் தரத்தைத் தீர்மானிப்பது ஆய்வுகூடம் மட்டுமல்ல, தின்னும் வாயும்தான்.

தாயின் குறை பிள்ளையின் மணியில் இரட்டிப்பாக இறங்கியது. நாம் சோறாக்கும் வெள்ளைப் பகுதிக்குப் பாடப்புத்தகத்தில் வித்தகவிழையம் என்று பெயர். அதற்குள் தாய்ச்செடியின் பங்கு இரண்டு, மகரந்தத்தின் பங்கு ஒன்று.

இதைவிட விசித்திரமானது இன்னொன்று. வயலில் நிற்கும் கலப்பினச் செடிகள் எல்லாம் ஒரே மாதிரி. ஆனால் அவற்றின் கதிரிலுள்ள மணிகள் அடுத்த தலைமுறை. ஆகவே அவை சிதறும். அமைலோசு கூடிய நெல்லையும் குறைந்த நெல்லையும் கலந்திருந்தால், ஒரே கதிரில் நான்கு வகை மணிகள் ஏறக்குறையச் சம அளவில் இருக்கும். கூடிய அலகு மூன்று பங்கும் உள்ளது, இரண்டு பங்கு உள்ளது, ஒரு பங்கு உள்ளது, ஒன்றுமே இல்லாதது. பானையில் போட்டால் ஒன்று குழையும்போது இன்னொன்று விறைத்தபடி நிற்கும். நாலு மூட்டை அரிசியைக் கலந்து சமைப்பது போன்றது. வெளிப்பார்வைக்கு ஒரே அரிசி, சமைக்கும்போதுதான் உம்மாமாருக்கு வித்தியாசம் தெரியும்.

மூன்றாவது காரணம், கதிரின் பாரம். கலப்பின நெல்லின் கதிரில் மணிகள் அதிகம். எல்லா மணிகளுக்கும் ஒரே நேரத்தில் சத்துப் போய்ச் சேராது. பிந்தி நிரம்பும் மணிகளில் வெள்ளைப் படலம் கூடும். தென் சீனாவின் முன்போக நெல் கொடும் வெயிலில் முற்றுவதால் அங்கே இது இன்னும் மோசமானது.

அப்படியானால் மலட்டுத்தன்மைக்கும் அரிசித் தரத்துக்கும் என்ன தொடர்பு? அந்தக் காட்டுக் குழியவுரு நேரடியாக அரிசியைக் கெடுத்தது என்பது சரியல்ல. அரிசியின் நீளம், வெள்ளைப் படலம், அமைலோசு எல்லாவற்றிலும் பெரும் பங்கு தாய் தகப்பனின் கருவிலுள்ள அலகுகளுக்கும் வெயிலுக்கும் பசளைக்கும்தான். குழியவுரு செய்த கேடு வேறு. அது தெரிவைச் சுருக்கியது. எந்த நெல்லையும் தாயாக்க முடியாது, மீட்கும் அலகு இல்லாத நெல்தான் தாயாகலாம். எந்த நெல்லையும் தகப்பனாக்க முடியாது, மீட்கும் அலகு உள்ள நெல்தான் தகப்பனாகலாம். ருசியான நெல் எத்தனையோ இருந்தும் அவற்றில் பல இந்த வாசல் வழியே நுழைய முடியவில்லை. நுழையக்கூடிய ஒரு நெல்லை மலட்டுத் தாயாக மாற்றுவதற்கும் பல தலைமுறை திரும்பத் திரும்பக் கலக்க வேண்டும், அதற்கு வருடங்கள் எடுக்கும். ஆகவே கையிலிருந்த சில தாய்களையே நாடு முழுவதும் நம்பியது. அந்தத் தாய்களின் குறை நாடு முழுவதும் பரவியது.

*சீனாவிலும் ஒரு வதந்தி*

1992இல் சீனாவில் ஒரு பேச்சுப் பரவியது. கலப்பின நெல்லைக் கேலியாக "மூன்று இல்லை நெல்" என்றார்கள். அரிசி மனிதனை வளர்க்காது, தவிடு பன்றியை வளர்க்காது, வைக்கோல் மாட்டை வளர்க்காது என்பது அதன் பொருள். பத்திரிகையிலும் வந்தது. யுவான் அதற்குப் பத்திரிகையிலேயே பதில் எழுதினார்.

அந்தக் கேலி எங்கிருந்து பிறந்தது என்று பார்த்தால் நமக்குப் பாடம் உண்டு. முன்போகக் கலப்பின அரிசி ருசியில்லை, உடைகிறது, விலை போவதில்லை என்பது மக்களின் சொந்த அனுபவம். அது பொய்யல்ல. அந்த அனுபவத்தின் மேல் "மனிதனை வளர்க்காது" என்ற பொய் ஏறி உட்கார்ந்தது. முறைப்பாட்டை நேரத்தோடு காது கொடுத்துக் கேட்டிருந்தால் வதந்திக்கு அவ்வளவு இடம் கிடைத்திருக்காது.

இன்னொரு ஆபத்து ருசியை விடப் பெரியது. அது அமெரிக்காவின் சோளத்தில் நடந்தது. அங்கேயும் ஆள் வைத்து உச்சி முறிக்கும் செலவை மிச்சப்படுத்த, டெக்சஸ் குழியவுரு என்ற ஒரே மலட்டுக் குழியவுருவைப் பாவித்தார்கள். 1970இல் நாட்டின் கலப்பினச் சோளத்தில் சுமார் 85 வீதத்தில் அதுவே இருந்தது. இலைக்கருகல் பூஞ்சையின் புதிய வகையொன்று வந்தது. அது அந்தக் குழியவுருவைக் குறிபார்த்துத் தாக்கியது. அந்த வருட விளைச்சலில் ஏறத்தாழ 15 வீதம் போயிற்று. ஒரே தாயை நம்பினால் என்னாகும் என்பதை உலகம் அன்று படித்தது. சீன நெல் ஆய்வாளர்களும் அதைக் கண்டு, இந்தோனேசிய நெல்லிலிருந்து வந்தது உட்பட வேறு மலட்டுக் குழியவுருக்களையும் பாவனைக்குக் கொண்டுவந்தார்கள். நல்லவேளை, நெல்லில் அப்படியொரு அழிவு வரவில்லை.

*குறையை எப்படித் திருத்தினார்கள்?*

பழி போடுவதோடு நிற்காமல் மூன்று வழிகளில் வேலை செய்தார்கள்.

முதல் வழி, தாயை மாற்றுவது. ஹுனானில் ஜின் 23 என்ற நீள் அரிசித் தாய் வந்தது. சிச்சுவானில் மணமுள்ள யிஷியாங் 1 வந்தது. குழியவுரு மலடு அப்படியே இருக்க, அரிசி மட்டும் நல்லதான தாய்கள் இவை. மலட்டுத்தன்மையும் நல்ல அரிசியும் ஒரே செடியில் இருக்க முடியும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

இரண்டாவது வழி, பழைய தாயைத் திருத்துவது. ஊஹான் நகரில் ஹுவாஜொங் விவசாயப் பல்கலைக்கழகத்தின் ஜாங் சிஃபா குழுவினர், அமைலோசைத் தீர்மானிக்கும் அலகு இருக்கும் நிறமூர்த்தத் துண்டைத் தகப்பனான மிங்ஹுய் 63இலிருந்து எடுத்து ஜென்ஷான் 97க்குள் கலப்பு முறையால் கொண்டுவந்தார்கள். 2003இல் முடிவை வெளியிட்டார்கள். தாயும் தகப்பனும் அந்த அலகில் ஒன்றானதும் பானைக்குள் நான்கு வகை மணிச் சண்டை ஓய்ந்தது. சோறு மெதுவாக வந்தது. குழியவுரு அதே காட்டுக் குழியவுருதான். குற்றவாளி யார் என்ற வழக்கு அத்தோடு முடிந்தது என்று சொல்லலாம்.

மூன்றாவது வழி, குழியவுருவையே விட்டுவிடுவது. 1973இல் ஹுபெய் மாகாணத்தில் ஷி மிங்சொங் என்பவர் நொங்கென் 58 வயலில் ஒரு வினோதமான செடியைக் கண்டார். பகல் நீளமாக இருக்கும்போது மலடு, பகல் குறைந்தால் சாதாரணமாக மணி பிடிக்கும். அந்தக் குணம் கருவில் இருந்தது. இதிலிருந்து வளர்ந்த முறைக்குப் பேணும் நெல்லும் தேவையில்லை, மீட்கும் அலகும் தேவையில்லை. ஏறக்குறைய எந்த நல்ல நெல்லையும் தகப்பனாக்கலாம். சுருங்கிக் கிடந்த தெரிவு அங்கேதான் விரிந்தது.

இந்தியாவும் இதே பாடத்தைத் தன் வழியில் படித்தது. அங்கே 1994 அளவில் முதல் கலப்பினங்கள் வந்தன. பிறகு சர்வதேச நெல் நிறுவனத்தின் ஐஆர் 58025 என்ற மலட்டுத் தாய் பல கலப்பினங்களுக்குத் தாயானது. அதன் அரிசிக்கு இலேசான மணம் உண்டு. அன்றாடச் சோற்றில் மணத்தைத் தென்னிந்தியாவில் பலர் விரும்பவில்லை. பாஸ்மதியில் நிலைமை மறுபக்கம். மணம் பின்னிடைவான அலகால் வருவது. மணமுள்ள நெல்லை மணமில்லாததோடு கலந்தால் கதிரில் நாலில் ஒரு மணிதான் மணக்கும். ஆகவே 2001இல் வெளியான பூசா ஆர்எச் 10இல் தாயையும் தகப்பனையும் பாஸ்மதி குணமுள்ளவையாகவே தெரிந்தார்கள். தாயும் தகப்பனும் அரிசியில் ஒத்துப்போனால் கலப்பினமும் நல்ல அரிசி தரும்.

நம் பத்தலகொடையும் பிஜி 407எச் என்ற கலப்பின நெல்லை வெளியிட்டிருக்கிறது. ஆனாலும் நம் வயல்களில் பெரும்பாலும் விளைவது விதைநெல்லாக எடுத்து வைக்கக்கூடிய வகைகளே.

*இனி அந்தக் குரல்பதிவு*

"மலட்டு நெல்லைத் தின்றால் மலடாவோம்" என்பதற்குப் பதில் மேலே சொன்னதிலேயே இருக்கிறது. ஒன்று, மலட்டுத் தாய் விதைப் பண்ணையில் நிற்கும் செடி. விவசாயி விதைக்கும் பிள்ளை மலடல்ல. மலடாக இருந்தால் அதன் கதிரில் மணி எங்கிருந்து வரும்? இரண்டு, அந்த மலடு ஒரு புரதம் மகரந்தக்கூட்டின் ஒரு கலப்படைக்குச் செய்யும் வேலை. நமக்கு மகரந்தக்கூடு இல்லை. நாம் தின்னும் எந்தப் புரதத்தையும் போல அதுவும் வெந்து, சமித்து, உடைந்துவிடும். மூன்று, அரை நூற்றாண்டாகக் கலப்பின அரிசியைத் தின்றும் சீனர்கள் பிள்ளை குட்டிகளோடுதான் வாழ்கிறார்கள்.

கலப்பின நெல்லைக் கண்ணை மூடிக்கொண்டு ஆதரியுங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. அவை வேறு கேள்விகள். யாராவது கலப்பின விதை கொண்டுவந்தால், ஒவ்வொரு போகமும் விதைக்கு எவ்வளவு செலவாகும் என்று கேட்போம். வாங்க முடியாத போகத்தில் நம் கையில் என்ன மிஞ்சும் என்று கேட்போம். தாயும் தகப்பனும் அரிசியில் ஒத்தவையா என்று விவசாயப் போதனாசிரியரிடம் கேட்போம். ஒரு மூட்டையை அவித்து மில்லில் குத்திக் குறுநொய் எவ்வளவு என்று பார்ப்போம். வீட்டில் ஒரு நேரம் சமைத்து, ஆறிய சோற்றையும் தின்று பார்ப்போம். ஒரே விதையை ஊர் முழுக்க விதைக்கலாமா என்று கூடிப் பேசுவோம்.

இந்தக் கேள்விகளைக் கேட்கத் தெரிந்த விவசாயியை யாரும் இலகுவில் ஏமாற்ற முடியாது. வதந்தியை நம்பி ஒதுங்குகிறவரையும் ஏமாற்றலாம், விளம்பரத்தை நம்பி விழுகிறவரையும் ஏமாற்றலாம்.

"மலடு" என்ற ஒரு சொல்லை வைத்து நம் கடைகளையும் பள்ளிகளையும் உடைத்தார்கள். அந்தச் சொல்லின் சூடு நமக்குத்தான் நன்றாகத் தெரியும். அந்தக் குரல்பதிவு உங்கள் கைபேசியில் இருந்தால் தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவர் மூத்தவராக இருந்தால் மரியாதையோடு எடுத்துச் சொல்லுங்கள். பிள்ளைகள் கேட்டால் கதிர் பூக்கும் நாளில் ஒரு காலை வயலுக்குக் கூட்டிப்போய், திறந்த நெற்பூவொன்றின் ஆறு கேசரங்களையும் எண்ணிக் காட்டுங்கள்.

அறியாததைப் பேசுவதிலிருந்து அல்லாஹ் நம் எல்லோரையும் காப்பானாக. நம் வயல்களிலும் விளைச்சலிலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.

வல்லாஹு அஃலம்.